சாயத்தண்ணியும் இரும்பு மாத்திரையும்

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த இரண்டாம் வருடம் எனக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர். எல்லோருடைய மேசையிலும் ஏதாவது ஒரு போத்தல் இருக்கும். முகத்துக்கு விட்டமின் ஈ, உடம்பு மெலிய ஏதோ பச்சைத் தூள், பரீட்சை நேரத்தில் மல்டிவிட்டமின். டாக்டரிடம் கேட்டு வாங்கியவர்கள் யாருமில்லை. ஒருத்தி நல்லதென்று சொன்னால் அடுத்தவளும் வாங்குவாள், அவ்வளவுதான்.

நான் முடிக்கு நல்லதென்று சொல்லும் பயோட்டின் என்ற விட்டமின் மாத்திரை வாங்கினேன். 4000 ரூபாய். அப்போது அம்மாவின் நாள் சம்பளம் 1350. மஸ்கெலியா மலையில் மூன்று நாள் தேயிலைக் கொழுந்து பறித்த காசு அந்தப் போத்தலுக்குப் போனது. இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது.

இரண்டு மாதமாகியும் முடி நிற்கவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியது. கடைசியில் டாக்டரிடம் போனேன். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "பச்சரிசி மெல்லணும்போல இருக்கா?" என்று கேட்டார். திடுக்கிட்டுவிட்டேன். அரிசிப் பையில் கைவிட்டு மெல்லுவது எனக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும் பழக்கம். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அப்படித் தோன்றுமாம்.

ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. பெண்களுக்கு 12ஆவது இருக்க வேண்டும். பயோட்டின் குறைவது அபூர்வம் என்றார். பயோட்டின் மாத்திரை தைராய்டு பரிசோதனை முடிவைக்கூடப் பிழையாகக் காட்ட வைக்கும் என்பதால், நிறுத்திச் சில நாள் கழித்துத்தான் அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். அதிலும் ஹீமோகுளோபின் குறையும், ஆனால் இரும்பு மாத்திரை அதைச் சரியாக்காது. சும்மா இரும்பை விழுங்கினால் மிஞ்சியதை வெளியேற்ற உடம்புக்கு வழியும் இல்லையாம். தோழிகளே, அதனால்தான் சொல்கிறேன், முதலில் ரத்தம் பாருங்கள்.

"இஸ்கூல்லயும் இரும்பு மாத்திரை குடுத்தாங்க டாக்டர், போட்டேனே" என்றேன்.

"எதோட விழுங்குனீங்க?"

சாயத்தண்ணியோடுதான், அதாவது பால் போடாத தேத்தண்ணியோடு. வேறு எதோடு? நாங்கள் இருக்கும் தோட்டத்து லயத்து வீட்டில் காலையில் ரொட்டிக்கும் அதுதான், ராத்திரி சோற்றுக்கும் அதுதான். தேயிலையில் இருக்கும் டானின் குடலில் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கீரை, பருப்பில் உள்ள இரும்பு ஏற்கெனவே குறைவாகத்தான் சேரும், அதையும் தடுத்துவிடும். இத்தனை வருடமும் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, எனக்கு இரும்புக் குறைவுதான் என்று தெரிந்த பிறகு, டாக்டர் தந்த இரும்பு மாத்திரையை, நன்றாகச் சேரட்டும் என்று தேசிக்காய்த் தண்ணியோடு போட்டேன். தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளி வைத்தேன். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். வயிறு இறுகும், நிறையத் தண்ணி குடியுங்கள். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 11.6 ஆனது. முடி கொட்டுவது அதற்கும் பிறகுதான் குறைந்தது.

லீவுக்குப் போனபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மலையில ரொட்டி திங்கிற நேரந்தான் புள்ள சாயம் குடிக்கிற நேரமும். ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடிக்க யாரு விடுவா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரிச் சாயத்தையாவது விடச் சொல்லியிருக்கிறேன். இரண்டு நாளாகச் சோற்றோடு ஊறவைத்த நெல்லிக்காய் சாப்பிடுகிறார். வருகிற சனிக்கிழமை அம்மாவை டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ரத்தம் பார்க்கக் கூட்டிப் போகிறேன்.