எழுத்தை மட்டும்தானா?

எங்கள் தேயிலை ஃபேக்டரிக்குக் கொழுந்து போடுகிற ஒரு அக்காவின் செய்தியை மேனேஜருக்கு அனுப்புவதற்கு முன் எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். கணக்கைத் தொடவில்லை. ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், அன்று நான் சொன்னபோது மேனேஜர் நம்பவில்லை.

கொழுந்து போடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் எழுதியது இது: "சார் மலை பெஞ்சா 100க்கு 10 களிக்கிரிங்க சரி. மலை இல்லாத நாலுலயும் அதே 10 எதுக்கு. செவ்வா கிலமை நல்ல வெயில். வீட்டு தராசுல 60 பில்லுல 54. பதில் சொல்லுங்க."

பதில்கள் வந்தன, கேள்விக்கு அல்ல. "எந்த ஊர்லக்கா மலை பெய்யுது?" என்றார் ஒருவர். கீழே சிரிக்கும் பொம்மைகள். தொட்டபெட்டா மலையே வானத்திலிருந்து விழுவதுபோல ஒருவர் படமே செய்து போட்டார். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், அவரும் எங்களுக்குக் கொழுந்து போடுகிறவர்தான், ல ள ழ மூன்றுக்கும் நாக்கு எங்கே படவேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். அரை மணி நேரத்தில் 60ம் 54ம் மேலே போய் மறைந்துவிட்டன.

சிரித்தவர்கள் எல்லோருக்கும் எடையில் அதே கழிவுதான் பிடிக்கப்பட்டது. அது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் ஃபேக்டரி ஆள். கேள்வி மறைந்து போனது ஒரு வகையில் எனக்கு நிம்மதி. கொழுந்தே முக்கால் பங்கு நீர்தான். அதற்குமேல் மழையில் ஒட்டி வரும் தண்ணீருக்குக் கழிவு பிடிப்பதில் நியாயம் உண்டு. நனைந்த கொழுந்தை டிரஃப் என்கிற நீளத் தொட்டியில் கொட்டி ஃபேன் போட்டு வாட்டுவதற்குள் என்ன பாடு என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் வெயில் நாளில் எந்தத் தண்ணீருக்கு? அவர் கேட்டது சரி. அப்படியே விட மனம் வரவில்லை. செய்தியை நகலெடுத்தேன், மழையை மழையாக்கினேன், கிழமையைக் கிழமையாக்கினேன், அனுப்பினேன்.

மேனேஜர் கூப்பிட்டார். "இது அந்தம்மா எழுதினதா? பின்னாடி யாரோ படிச்சவன் இருக்கான். சங்கத்து ஆளுங்க எழுதிக் குடுத்திருப்பாங்க."

"எழுத்தை மட்டும் நான் திருத்தினேன் சார்."

"எழுத்தை மட்டும்தானா?"

என் போனை எடுத்து அசலைக் காட்டினேன். 'மலை பெஞ்சா'வில் சிரித்தார். 'நாலுலயும்' என்ற இடத்தில் நின்று "எந்த நாலு?" என்று கேட்டார். "நாள் சார், மழை இல்லாத நாள்" என்றேன். கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. "செவ்வாக்கிழமை வெயிலா அடிச்சுது?" என்று கேட்டுவிட்டு எடை போடுகிறவரை அழைத்தார். அடுத்த வாரத்திலிருந்து அன்றன்றைய கழிவை எடை மேடையில் எழுதிப் போட வேண்டும் என்று ஆனது. வெயில் நாளில் பத்து, நாலாகக் குறைந்தது. சாக்கு எடை, முற்றல் இலை என்று அந்த நாலுக்கு ஏதோ கணக்குச் சொன்னார்கள்.

நல்லதுதானே நடந்தது என்று பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். பிழையோடு இருந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் நம்பினார் என்பது தொண்டையில் நிற்கிறது. குழுவில் பிழை இருந்ததால் கேள்வி கேலியானது. மேனேஜர் அறையில் பிழை இல்லாததால் கேள்வி சதியானது. அப்படியானால் அந்த அக்கா எப்படித்தான் எழுத வேண்டும்? நாளைக்கே அவர் ழகரம் பழகிவிட்டால் அவருடைய தராசு பொய் சொல்லத் தொடங்கிவிடுமா?

எடை மேடையில் அவரைப் பார்த்தபோது நடந்ததைச் சொன்னேன். கழிவு குறைந்ததைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.

"நான் எழுதினது உங்களுக்கு வெளங்குச்சில்ல தம்பி?"

"வெளங்குச்சுக்கா."

"பின்ன எதுக்கு மாத்துனீங்க?"

"மேனேஜர் சிரிச்சிருவாரோன்னுதான்."

"சிரிச்சா சிரிக்கட்டும். அவரு சிரிச்சா 60, 54 ஆயிருமா?"

நான் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி, செய்தி என் எண்ணிலிருந்து போகிறது, என் தமிழும் இப்படித்தான் என்று மேனேஜர் நினைத்துவிடக்கூடாது என்பது. இது அப்போதே தெரிந்ததா, பிறகு நானாகக் கற்பித்துக்கொண்டதா என்று சொல்ல முடியவில்லை.

அக்கா வீட்டில் பேசுவது நீலகிரி படுகர்களின் படுக மொழி. அதற்கு வழக்கத்தில் தனி எழுத்து கிடையாது. எழுத வேண்டுமென்றால் தமிழிலோ கன்னடத்திலோதான். அவருடைய போனில் ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாகும் விசைப்பலகை. எல் அடித்தால் மலைதான் வரும், மழை வேண்டுமானால் இசட்டும் எச்சும் சேர்த்து அடிக்க வேண்டும். யாரும் அவருக்குச் சொல்லித் தராத விதி அது. என் அப்பா 1978ல் அரசாணை வந்து எழுத்து மாறிய பிறகும் கடைசிவரை யானைத் தும்பிக்கை போல வளைந்த பழைய லை எழுத்தையே எழுதினார். மனு கொடுத்த இடத்தில் ஒருவரும் அதைப் பிழை என்று சொன்னதில்லை. பெரிய மனிதர், பழைய ஆள் என்றார்கள். யார் எழுதினார்கள் என்று பார்த்துத்தான் பிழை பெரிதாகவோ சிறிதாகவோ தெரிகிறது போலும்.

எப்போது எழுதினார்கள் என்பதும் உண்டு. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய சமயம், "ரோட்ல மரம் விலுந்துருச்சு", "மன் சரிஞ்சிருக்கு வராதிங்க" என்று எல்லோருடைய போனிலும் செய்தியாக வந்தது. எந்த வாத்தியாரும் றன்னகரம், டண்ணகரம் பாடம் எடுக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனோம், அவ்வளவுதான். பணம் கேட்கும் செய்திக்கு மட்டும் இலக்கணம் ஞாபகம் வருகிறது.

இப்படி எழுதும்போதே "எந்த நாலு?" என்று மேனேஜர் கேட்டதும் நினைவுக்கு வருகிறது. அது கேலி இல்லை, உண்மையான சந்தேகம். நான் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் ஏதோ நாலு பேர், நாலு மூட்டை என்று எடுத்துக்கொண்டு கோப்பை மூடியிருப்பார். ஆகவே எழுத்து எப்படி இருந்தால் என்ன என்று என்னால் சொல்லிவிட முடியாது. குழுவில் சிரித்தவர்கள் யாருமே அந்த நாலைக் கவனிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லோரும் மலையிலேயே நின்றுவிட்டார்கள்.

அக்கா இப்போது எழுதுவதில்லை. குரல் பதிவு அனுப்புகிறார், குழுவில் அல்ல, எனக்கு. மேனேஜர் குரல் பதிவு கேட்கமாட்டார். "எழுதி அனுப்பச் சொல்லு" என்பார். அதை அக்காவிடம் சொன்னேன். "நீங்களே எழுதிக்குங்க தம்பி, எப்படியும் மாத்தத்தான போறீங்க" என்றார். கோபமா, வசதியா என்று அவர் குரலில் தெரியவில்லை. கேட்டுக் கேட்டு நான் தட்டச்சு செய்து அனுப்புகிறேன், மேலே 'அவர் சொன்னது, எழுதியது நான்' என்ற வரியோடு. அவர் 'பெஞ்சா' என்கிறார். என் விரல் 'பெய்தால்' என்று அடிக்கிறது. அழித்துவிட்டு 'பெஞ்சா' என்று போடுகிறேன். வேலை நெருக்கும் நாட்களில் 'பெய்தால்' என்றே போய்விடுகிறது.