வந்து விட்டானா, வந்துவிட்டானா?

இரண்டு வாரங்களாக என் வேலை முழுவதும் ஓர் இடைவெளியைச் சுற்றியே நடந்துகொண்டிருக்கிறது. "வந்துவிட்டான்" என்று எழுதும்போது "வந்து" என்பதற்கும் "விட்டான்" என்பதற்கும் நடுவே சிலர் விடுகிற, சிலர் விடாத வெற்றிடம் அது. தரவக மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்று சொன்னபோது, "சொல்லை எண்ணுறதுக்கா அஞ்சு வருஷம்?" என்று என் அத்தை ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டார். பக்கத்து இலைக்காரர்களும் திரும்பிப் பார்த்ததால் அன்று சிரித்துச் சமாளித்தேன். எண்ணுவதற்குக் கணினிக்கு அரை நிமிடம்கூட ஆகாது என்பதும், எதை ஒரு சொல் என்று எண்ணுவது என்பதில்தான் வருடங்கள் கரைகின்றன என்பதும் சாம்பார் வருவதற்குள் விளக்கக்கூடிய செய்திகள் அல்ல.

தரவகம் என்பது ஒரு மொழியில் உண்மையாகவே எழுதப்பட்டவற்றை அல்லது பேசப்பட்டவற்றை ஒரு திட்டத்தோடு திரட்டிக் கணினியில் தேடத்தக்க வடிவில் வைத்திருக்கும் தொகுப்பு. இத்துறையில் எல்லோரும் முதலில் படிக்கும் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் உருவான தரவகம். 1961இல் அச்சான நூல்கள், இதழ்களிலிருந்து தலா 2,000 சொற்கள் கொண்ட 500 மாதிரிகளை எடுத்து, பத்து இலட்சம் சொற்களாகத் தொகுத்தார்கள். தமிழுக்கு 1990களில் மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் ஏறத்தாழ 30 இலட்சம் சொற்கள் கொண்ட தரவகத்தை உருவாக்கியது. இவையெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே உ.வே.சா. தம் பதிப்புகளின் பின்னால் அரும்பத அகராதி சேர்த்திருக்கிறார். சங்க நூல்களின் சொற்களையெல்லாம் வரிசைப்படுத்திய லேமன், மால்டன் ஆகியோரின் சொல்லடைவு 1992இல் வெளிவந்தது. ஆக, சொல்லைப் பொறுக்கி வரிசையில் அடுக்கிப் பார்ப்பது நமக்குப் புதிய பழக்கம் அன்று.

என் ஆய்வு "விடு" என்னும் துணைவினையைப் பற்றியது. "வந்தான்" என்பதற்கும் "வந்துவிட்டான்" என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழ் பேசும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை வரையறுத்துச் சொல்லப் புகுந்தால் முடிந்துபோனது, எதிர்பாராதது, வருந்தத்தக்கது, ஒரு பாரம் இறங்கியது என்று ஒவ்வொரு வரியிலும் வேறொரு நிறம் காட்டுகிறது. 1930களிலும் 40களிலும் வெளிவந்த கதை இதழ்களையும் இன்றைய உரைநடையையும் அருகருகே வைத்து, இந்த நிறங்களில் எது வளர்ந்திருக்கிறது, எது வெளுத்திருக்கிறது என்று பார்ப்பதே நோக்கம். காலையில் விடுதிக்கு எதிரிலுள்ள கடையில் டீ குடித்துவிட்டு வந்து ஆண்ட்கான்க் என்னும் தரவகத் தேடல் மென்பொருளைத் திறந்தால், தேடிய சொல் திரையின் நடுவில் செங்குத்தாக அணிவகுத்து நிற்க, இருபுறமும் அதன் சூழல் விரியும். ஒரு நாளைக்கு இருநூறு வரிகள் படிப்பேன். அதற்கு மேல் போனால் எல்லா வரியும் ஒன்றுபோலவே தோன்றத் தொடங்கும்.

இந்தப் பழக்கம் வெளியிலும் விடுவதில்லை. பேருந்தில் பின்னிருக்கையில் ஒருவர் கைப்பேசியில் "பஸ் ஏறிட்டேன், வந்துடறேன்" என்றால், இன்னும் வராதவர் வந்து முடித்ததைப் போல ஏன் சொல்கிறார் என்று என் குறிப்பேட்டில் ஒரு வரி ஏறிவிடும்.

தேடலில்தான் முதல் சிக்கல் வந்தது. "வந்துகொண்டிருந்தான்" என்பதை நாம் நான்கு விதமாக எழுதுகிறோம்: வந்துகொண்டிருந்தான், வந்து கொண்டிருந்தான், வந்துகொண்டு இருந்தான், வந்து கொண்டு இருந்தான். பள்ளியில் எதற்கும் மதிப்பெண் குறைப்பதில்லை. படிப்பவர் யாரும் தடுமாறுவதும் இல்லை. கணினியோ முதலாவதை ஒரு சொல்லாகவும், கடைசியை மூன்று சொல்லாகவும் எண்ணிக்கொள்ளும். ஒரே கதையை இரண்டு பதிப்பகங்கள் அச்சிட்டால் சொல் எண்ணிக்கை இரண்டு விதமாக வரும். இது எண்ணிக்கைக் கணக்கு மட்டுமாக இருந்தால் பரவாயில்லை. "பிள்ளையை அழைத்து வந்து விட்டான்" என்ற வரியை எடுத்துக்கொள்வோம். அழைத்து வரும் வேலை முடிந்தது என்கிறதா, அழைத்து வந்து வாசலில் இறக்கி விட்டான் என்கிறதா? முன்னதில் "விடு" துணைவினை, பின்னதில் முதல்வினை. பேச்சில் முன்னது "கூட்டிட்டு வந்துட்டான்", பின்னது "கூட்டிட்டு வந்து விட்டான்". அதனால் யாருக்கும் குழப்பம் வராது. எழுத்தில் இந்த வேறுபாட்டைத் தாங்குவது அந்த வெற்றிடம் ஒன்றுதான், அதையும் எல்லோரும் ஒரே ஒழுங்கில் பயன்படுத்துவதில்லை.

புணர்ச்சி கைகொடுக்கும் என்று சில நாள் நம்பியிருந்தேன். "பார்த்துக் கொண்டிருந்தான்" என்று பிரித்து எழுதினாலும் நடுவில் நிற்கும் "க்" இரண்டு துண்டுகளும் ஒட்டியவை என்று காட்டிக்கொடுக்கிறது அல்லவா? ஆனால் "அதைப் பார்த்தான்" என்பதில், முற்றிலும் தனித்தனியான இரு சொற்களுக்கு நடுவிலும் ஒற்று மிகுகிறது. "வந்து" என்பதன் பின்போ மிகுவதே இல்லை. போதாக்குறைக்கு இந்த ஒற்று புதிய தொல்லையையும் கொண்டுவந்தது. அதை, அதைக், அதைச், அதைத், அதைப் என்று ஒரே சொல் ஐந்து சொற்களாகப் பட்டியலில் ஐந்து இடங்களில் உட்கார்ந்திருந்தது. நன்னூல் படித்தவருக்கு இது சிரிப்பு. நிரல் எழுதுபவருக்கு ஒரு வாரம். பிராகாவிலுள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் 600 தமிழ் வாக்கியங்களுக்கு இலக்கண அமைப்பைக் குறித்து மரவங்கி என்னும் தொகுப்பு ஒன்றைச் செய்திருக்கிறார்கள். அதில் "உம்" போன்ற இடைச்சொற்களையே தனி அலகுகளாகப் பிரித்துவிட்டார்கள். எழுத்தில் உள்ள இடைவெளியை நம்ப வேண்டாம் என்ற அந்த முடிவைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

என் முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். முதலாண்டில் எடுத்த முதல் சொற்பட்டியலில், அதிகமாக வரும் "சொற்கள்" என்று தலைமேல் நின்றவை த, க, ட, வ என்னும் ஒற்றை எழுத்துகள். அதைக் கண்டும் சந்தேகப்படாமல், தரவு இன்னும் அழுக்காக இருக்கிறது போலும் என்று மேலே வேலை செய்தேன். சொற்களைப் பிரித்தெடுக்க நிரலில் நான் எடுத்தாண்ட தேடற்குறி ஆங்கில எழுத்துகளுக்கென்றே எல்லோரும் பழகிப்போன ஒன்று. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாக எண்ணுவதில்லை, அவை வரும் இடத்திலெல்லாம் சொல்லை வெட்டிவிடும். "தமிழ்" என்பது "தம" என்றும் "ழ" என்றும் இரண்டாகிக் கிடந்தது. இரண்டு மாத உழைப்பு. நெறியாளரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. இனி எந்தப் பட்டியலிலும் முதல் ஐம்பது வரிகளைக் கண்ணால் படித்த பிறகே அடுத்த வேலை என்று மட்டும் சொன்னார்.

கண்ணால் படித்தும் பிடிபடாதவை உண்டு. "கௌரவம்" என்பதைப் பலர் "கெளரவம்" என்று, அதாவது ஒற்றைக் கொம்பும் ககரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்கிறார்கள்; திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. "கொ" என்பதிலுள்ள ஒகரக் குறியையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரு துண்டுகளாகவும் எழுதலாம். பின்னதைச் சரிசெய்ய ஆயத்தமான வழி இருக்கிறது; முன்னதை நாமேதான் தேடித் திருத்த வேண்டும். 1998 பொங்கலில் தொடங்கித் தன்னார்வலர்கள் தட்டச்சிட்டுத் திரட்டிய தமிழ் மின்னூல் தொகுப்பான மதுரைத் திட்டத்தின் நூல்களை இறக்கும்போதெல்லாம், யூனிகோடு பரவாத காலத்தில், முகம் தெரியாத எத்தனை பேர் எத்தனை இரவுகள் இந்த எழுத்துகளோடு மல்லுக்கட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

பழைய இதழ்களுக்காகத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் பல மாதங்கள் சென்றேன். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்தவற்றை அடித்தளமாகக் கொண்டு 1994இல் அமைந்த நூலகம் அது. படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் அந்தப் பழைய அச்சுக்குத் தடுமாறியதால், பக்கப் படிமங்களைப் பார்த்து நானே தட்டச்சிட்டேன். இரண்டாண்டு வேலை முடிந்து, இடைவெளிகளை எண்ணிப் பார்த்தபோது ஒரு செய்தி பளிச்சென்று தெரிந்தது. ஒரே எழுத்தாளர், ஒரே கதை, சில இடங்களில் ஒரே பக்கம். ஆனால் "வந்துவிட்டான்" ஓரிடத்தில் சேர்ந்தும் ஓரிடத்தில் பிரிந்தும் வருகிறது. அந்த எழுத்தாளர்களின் மனத்தில் "விடு" அப்போது பாதி தனிச்சொல்லாகவும் பாதி விகுதியாகவும் இருந்தது என்று ஒரு கருதுகோள் எழுதி, அதற்கு அழகான ஒரு தலைப்பும் வைத்துவிட்டேன்.

அந்தக் கருதுகோளைச் சென்ற மாதம் கும்பகோணத்தில் என் தாத்தா கலைத்துப்போட்டார். அம்மாவின் அப்பா, ஈய எழுத்துக் காலத்தில் முப்பது ஆண்டுகள் கம்பாசிட்டராக, அதாவது அச்சுக்கோப்பாளராக இருந்தவர். மடிக்கணினியில் ஒரு பழைய பக்கத்தைப் பெரிதாக்கி அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் கதையைப் படிக்கவில்லை. வரிகளின் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா அடைச்சிருக்கான்" என்றார்.

"எதை தாத்தா?"

"வரியைத்தாம்மா. எழுத்துக் கோக்குற ஸ்டிக்குல வரி கொஞ்சம் தளர்ந்து நின்னா ஸ்பேஸ் போட்டு இறுக்கணும். தமிழ்ல ஒவ்வொரு சொல்லும் முழ நீளம், ஒரு வரியில நாலு இடைவெளிதான் கிடைக்கும். நாலுலயும் போட்டா பல்லு விழுந்த மாதிரி இருக்கும். அதனால வந்துவிட்டான்கிறதைப் பிரிச்சு அஞ்சாவதா ஒண்ணு உண்டாக்கிக்குவோம். இடம் பத்தலைன்னா சேர்த்துடுவோம்."

"எழுதினவர் எப்படி எழுதியிருந்தாலுமா?"

"அவரு ஸ்டிக்கைப் பிடிச்சு நிக்கிறாரா என்ன?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் எழுத்தாளரின் மனத்தில் தேடிக்கொண்டிருந்தது, பெயர் தெரியாத ஓர் அச்சுக்கோப்பாளர் தம் வரியை நிறைப்பதற்காகக் கையிலெடுத்த ஈயத் துண்டு. மறுநாள் காலையில் தாத்தாவை உட்காரவைத்து மேலும் கேட்டேன். சொல்லை வரி முடிவில் எங்கே வேண்டுமானாலும் உடைக்கலாம், இணைப்புக்கோடு போடுவதில்லை, புள்ளி எழுத்து மட்டும் அடுத்த வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது என்பது அவர்கள் கடைப்பிடித்த விதி. இதிலும் எனக்கு ஒரு குழி இருந்தது. ஒரு வரியின் முடிவில் "வந்து" என்றும் அடுத்த வரியின் தொடக்கத்தில் "விட்டான்" என்றும் இருந்தால், அங்கே இடைவெளி இருந்ததா இல்லையா என்று சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. நான் தட்டச்சிட்டபோது அப்படிப்பட்ட இடங்களில் அந்தந்த நாளின் மனநிலைக்கு ஏற்பச் சேர்த்தோ பிரித்தோ போட்டிருக்கிறேன்.

இடைவெளி என்பதே தமிழ் எழுத்துக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம் விடும் வழக்கம் இல்லை. படிப்பவர் தாமே பிரித்துக்கொள்ள வேண்டும். அச்சு வந்த பிறகும் பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து வெளியிடுவது தனியொரு பணியாகவே இருந்தது. 1950களின் பிற்பகுதியில் மர்ரே எஸ். ராஜம் கொண்டுவந்த மலிவுப் பதிப்புகள் அதற்காகவே நினைக்கப்படுகின்றன. இதெல்லாம் நான் தேர்வுக்குப் படித்த பாடம்தான். பாடத்தில் படித்ததை என் தரவில் பொருத்திப் பார்க்க ஒரு கம்பாசிட்டர் தேவைப்பட்டார்.

வழி ஒன்றும் தாத்தாவின் பேச்சிலேயே கிடைத்தது. பத்தியின் கடைசி வரியை அடைக்க வேண்டியதில்லை; அச்சுக்கோப்பாளர் சொற்களை இயல்பாக வைத்துவிட்டு மிச்சத்தைக் குவாட் என்னும் வெற்று ஈயத் துண்டுகளைப் போட்டு நிரப்பிவிடுவார். அதாவது, வலது பக்கம் வெறுமையாகக் கிடக்கும் அந்தக் குறைவரிகளில் மட்டும் சேர்ப்பதற்கோ பிரிப்பதற்கோ எந்தக் கட்டாயமும் இல்லை. அங்கே தெரிவதும் எழுத்தாளரின் வழக்கம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது; கம்பாசிட்டரின் வழக்கமாகவோ புரூஃப் பார்த்தவரின் வழக்கமாகவோ இருக்கலாம். ஆனால் யாரோ ஒருவர், இடத்தின் நெருக்கடி இல்லாமல், தமக்கு இயல்பாகப் பட்டபடி செய்தது. கருதுகோளின் அழகான தலைப்பை அடித்துவிட்டு, கடைசி வரிகளை மட்டும் தனியே பிரித்து எண்ணுவது என்று முடிவு செய்தேன், நெறியாளரும் சம்மதித்துவிட்டார்.

ஒரே ஓர் இடைஞ்சல் உண்டு. தட்டச்சிட்டபோது, தேவையற்றது என்று கருதி, எல்லா வரி முடிவுகளையும் ஒரே கட்டளையில் அழித்துவிட்டேன். எந்தச் சொல் எந்த வரியில் நின்றது என்பது இப்போது தரமணியிலுள்ள பக்கங்களில்தான் இருக்கிறது. நாளை முதல் மறுபடியும் அங்கே போக வேண்டும். செய்தி கேட்டதிலிருந்து தாத்தா, அந்தப் பழைய வேலையைத் தாமும் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று கும்பகோணத்திலிருந்து தினமும் கைப்பேசியில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை ரயிலுக்கு அவருக்குக் கீழ்ப்படுக்கையாகக் கிடைத்திருக்கிறது.