உதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டாம்

சின்னக் குழந்தைக்கு வாயில் அடிபட்டால் காயத்தைவிட ரத்தம்தான் நம்மை மிரட்டும். கொஞ்சம் ரத்தம் எச்சிலோடு கலந்தாலே போதும், சட்டை, தரை, நம் கை எல்லாம் சிவந்துவிடும். எங்கள் இரண்டு வயது மகன் விழுந்தபோது எது கைகொடுத்தது என்று எழுதி வைக்கிறேன். இன்னொரு வீட்டில் யாருக்காவது உதவும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். ஒரு ஞாயிறு மதியம், குளித்த ஈரக்காலோடு ஹாலுக்கு ஓடிவந்தவன் டைல்ஸில் வழுக்கி, டீப்பாய் விளிம்பில் மேலுதடு மோத விழுந்தான். விழுந்ததுமே வீறிட்டு அழுதான். அந்த அழுகை எனக்குத் தெம்பு கொடுத்தது. மயங்கவில்லை, நினைவு தப்பவில்லை.

மடியில் உட்காரவைத்துத் தலையைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்துக்கொண்டேன். மல்லாக்கப் படுக்கவைத்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். நிறைய விழுங்கினால் வாந்தி வரும். அப்புறம் அது தலையில் பட்ட அடியால் வந்ததோ என்று வேறு குழம்ப வேண்டும். சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, மேலுதட்டைப் பல்லோடு சேர்த்து வெளியிலிருந்து அழுத்திப் பிடித்தேன். பத்து நிமிடம் கையை எடுக்கக் கூடாது. திமிறுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு அது நீண்ட நேரம். வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவனுக்குப் பிடித்த பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஓடிவந்தார். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பத்தின் வழி வந்தவர். பேச்செல்லாம் ஆங்கிலம்தான், பதறினால் மட்டும் தமிழ் வந்துவிடும். “ஐயோ சாமி, எங்க பட்டுச்சு? உதட்டத் தூக்கிக் காட்டும்மா.” வீட்டுக்காரரும் குனிந்து பார்க்க வந்தார். இருவரையும் தடுத்துவிட்டேன். தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு நர்ஸம்மா சொல்லியிருந்தார்: மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் மெல்லிய சவ்வு, பிள்ளைகள் விழும்போது எளிதில் கிழியும். ரத்தம் கொட்டும், ஆனால் பெரும்பாலும் தையலே இல்லாமல் தானாக ஆறிவிடும். அடிக்கடி உதட்டைத் தூக்கினால் கட்டிய ரத்தம் விலகி மறுபடியும் கசியும். பெற்றவர்களுக்குப் பார்க்காமல் இருப்பது கஷ்டம்தான். அதுதான் வைத்தியம் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஆன்ட்டி தன் ஃப்ரீஸரிலிருந்து ஐஸ் லாலி ஒன்று கொண்டுவந்தார். அதைச் சப்பத் தொடங்கியதும் அழுகை அடங்கியது, ரத்தமும் நின்றது. வலிக்கு எடை பார்த்துப் பாராசிட்டமால் சிரப் கொடுத்தோம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது.

பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், உதடு உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை கிழிந்திருந்தால், உதட்டின் சிவப்பு ஓரத்தைத் தாண்டி வெட்டு போயிருந்தால் காத்திருக்கக் கூடாது. பிரஷ்ஷோ குச்சியோ வாயில் இருக்கும்போது விழுந்தாலும் அப்படித்தான், தொண்டையில் குத்தியிருக்கலாம். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் விழிக்காத தூக்கம் என்றால் உடனே ஆம்புலன்ஸ்: இங்கே 10177, மொபைலிலிருந்து 112. அன்று இரவு அவனைத் தூங்கவிட்டு, இடையிடையே தொட்டு எழுப்பிப் பார்த்தோம். சிணுங்கிவிட்டுப் புரண்டு படுத்தான்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். எப்படி விழுந்தான், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். அதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் நடக்கப் பழகாத பச்சைக் குழந்தைக்கு இந்தச் சவ்வு கிழிந்திருந்தால் யாரோ அடித்திருப்பார்களோ என்று யோசிக்க வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறார்கள். பிள்ளையின் தடுப்பூசி விவரம் எழுதும் ‘ரோட் டு ஹெல்த்’ புத்தகத்தைப் புரட்டி, 6, 10, 14 வாரத்திலும் 18 மாதத்திலும் போட்ட ஊசிகளில் டெட்டனஸ் மருந்தும் சேர்ந்தே இருக்கிறது, தனியாக ஊசி வேண்டாம் என்றார்.

சில நாள் புளிப்பு, காரம், முறுக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஆன்ட்டி தினமும் மீலி-மீல் என்னும் மக்காச்சோள மாவுக் கஞ்சியை ஆறவைத்துக் கொண்டுவந்தார், நான் தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டினேன். அவன் வாய்விட்டுச் சிரித்தபோது புண்மேல் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தது. சீழோ என்று பயந்து கேட்டேன். வாய்க்குள் புண் ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர்.

முன்பல் ஒன்று லேசாக ஆடியது. விட்டுவிடுங்கள், தானே இறுகிவிடும் என்றார். பால்பல் முழுதாக விழுந்துவிட்டால்கூட அதைத் திரும்பச் செருகக் கூடாதாம், உள்ளே வளரும் நிரந்தரப் பல்லுக்குச் சேதம் வரும். பல் சாம்பல் நிறமாக மாறலாம், அதற்குப் பதற வேண்டியதில்லை. ஈறில் கொப்புளம்போல வீங்கினால் மட்டும் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். இதுவரை வீக்கம் எதுவும் இல்லை. பல் இறுகிவிட்டது, நிறம்தான் கொஞ்சம் மங்கியிருக்கிறது.