'பிரஷ்யா' என்று மட்டும் எழுதியிருந்தால்

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானிய மூதாதை ஒருவரைத் தேடுகிறவர்கள் முட்டி நிற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். எந்தத் தாளைப் பார்த்தாலும் பிறந்த இடம் 'பிரஷ்யா' அல்லது 'பவேரியா'. 1871 வரை ஜெர்மனி என்ற ஒரே நாடு கிடையாது; பிரஷ்யா, பவேரியா போன்ற தனித்தனி அரசுகள்தான். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் பெரும்பாலும் அந்தந்த ஊர்த் தேவாலயப் பதிவேட்டில்தான் ஏறின. ஆகவே ஊர்ப் பெயர் இல்லாமல் ஜெர்மனிப் பக்கம் போகாதீர்கள். அதை அமெரிக்காவிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊரைச் சொல்லாது. ஆனால் 1900 கணக்கில் பிறந்த மாதமும் அமெரிக்கா வந்த வருஷமும் இருக்கும். வருஷம் தெரிந்தால் கப்பல் பட்டியலுக்குப் போகலாம். ஹாம்பர்க்கில் ஏறியவர் என்றால் அதிர்ஷ்டம்: 1850 முதல் அந்தத் துறைமுகப் பட்டியல்கள் இருக்கின்றன, ஊரும் எழுதியிருக்கும். பிரேமன் துறைமுகம் வழி போனவர்களுக்கு அது இல்லை. அந்தப் பட்டியல்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது.

பெயரில் ஏமாறாதீர்கள். அண்ணன் தம்பி மூவருக்கும் முதல் பெயர் யோஹான் என்றே இருக்கலாம். கூப்பிட்டது இரண்டாவது பெயரை. யோஹான் ஹைன்ரிக் அமெரிக்கக் கணக்கில் வெறும் ஹென்றி. ம்யூலர் மில்லராகியிருப்பார், ஷ்மிட் ஸ்மித்தாகியிருப்பார்.

அவர் எப்படி வாழ்ந்தார் என்று அறிய ஹோம்ஸ்டெட் கோப்பைப் போல, அதாவது குடியேறிகளுக்கு அரசு நிலம் கொடுத்ததற்கான கோப்பைப் போல, வேறொன்று இல்லை. 1862 சட்டப்படி 160 ஏக்கர்; ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்து காட்டினால் பட்டா. வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி, கிணறு உண்டா, எத்தனை ஏக்கர் உழுதார் என்று அவரும் சாட்சிகளும் சொன்னது அதில் இருக்கும். பட்டா வாங்கக் குடியுரிமை வேண்டும் என்பதால் அந்தச் சான்றின் நகலும் அதிலேயே கிடைக்கும். அந்தச் சாட்சிகளின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிலத்துக்காரர்கள் பல நேரம் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள். இவருக்குக் கிடைக்காத ஊர்ப் பெயர் அவர்களுக்குக் கிடைக்கும்.

ஆனாலும் ஊர்ப் பெயர் அதிகம் சிக்குவது அமெரிக்காவில் இருந்த ஜெர்மன் கிறிஸ்தவ சபைகளின் அடக்கப் பதிவேட்டில்தான். போதகரும் அதே தேசத்தவர். 'பிரஷ்யா' என்று எழுதி அவருக்குத் திருப்தி வராது, ஊரையே எழுதுவார். சிக்கல், அவர் எழுதுவது குரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து. அதில் 'ஈ' (e) அப்படியே 'என்' (n) மாதிரி தெரியும். 'யு'வும் (u) அதே வடிவம்தான், தலைக்கு மேல் சின்ன வளைவு இருப்பதுதான் அடையாளம். அந்த வளைவு மங்கிப்போனால் ஊர்ப் பெயரே மாறிவிடும். அதனால் அதே போதகர் எழுதிய, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர்களை அந்தப் பக்கத்திலேயே தேடி, எழுத்தோடு எழுத்து ஒப்பிடுங்கள். படித்த பெயரை 1912இல் வெளிவந்த மையர்ஸ் ஊர் அகராதியில் பாருங்கள். நொய்கிர்ஷன் (Neukirchen) போன்ற பெயரில் பல ஊர்கள் வரும். எது நம் ஊர் என்று முடிவுகட்ட, சாட்சிகளின் ஊர்ப் பெயர்களையும் வரைபடத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.