எங்கே படித்தோம் என்பது நினைவிருக்கும் பிள்ளைகள்

ஏற்காடு மலையில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெற்றோருக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை. பாடநூல் எல்லோர் கையிலும் இருக்கிறது, அதில் குறையில்லை. கூடுதல் வாசிப்புப் பகுதிகளும் பயிற்சித்தாள்களும்தான் பிடிஎஃப் ஆக வந்து சேர்கின்றன. அச்செடுக்க வழியில்லாதபோது ஸ்மார்ட் போர்டில் போட்டுக் காட்டுகிறோம், அல்லது அப்பா அம்மாவின் செல்போனுக்கு அனுப்பிவிடுகிறோம். கொரோனா காலத்தில் வேறு வழியில்லாமல் வந்த பழக்கம் இது. பள்ளி திறந்த பிறகும் அப்படியே தங்கிவிட்டது. ஆனால் தாளில் படிப்பதும் திரையில் படிப்பதும் ஒன்றல்ல என்பதை என் வகுப்பிலேயே பார்த்தேன்.

சேர்வராயன் மலையில் பாக்சைட் என்னும் அலுமினியத் தாது கிடைப்பதைப் பற்றி நானே ஒன்றரைப் பக்கம் எழுதி, ஏழாம் வகுப்பில் சிலருக்கு ஜெராக்ஸ் தாளிலும் சிலருக்குச் செல்போனிலும் கொடுத்திருந்தேன். இங்கே வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது இவர்களின் தாத்தாக்கள் பார்த்த கதை. ஆனால் அது ஏன் மலை உச்சியில் கிடைக்கிறது என்பது வீட்டில் யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது, படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாறை மழையில் காலகாலமாகச் சிதைகிறது. உச்சி சமதளமாக இருப்பதால் நீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்குகிறது. இறங்கும் நீர் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, அலுமினியச் சேர்மங்கள் தங்கிவிடுகின்றன. இதில் சமதள உச்சி முதல் பத்தியில் வருகிறது, சிலிக்கா கடைசிக்கு முந்தைய பத்தியில். இரண்டையும் சேர்த்தால்தான் விடை.

செல்போனில் படித்தவர்களில் பலர் "மழை பெய்வதால்" என்று எழுதினார்கள். தவறில்லை, ஆனால் அது பாதி விடைகூட இல்லை. ஜெராக்ஸ் தாளில் படித்தவர்களிடம் வேறொன்றைப் பார்த்தேன். ஒரு பெண் இடது கை விரலை முதல் பத்தியில் ஊன்றிக்கொண்டு, வலது கையில் பென்சிலோடு கீழே இறங்கினாள். நடுவில் நின்றாள், மேலே பார்த்தாள், மறுபடி கீழே வந்தாள். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, "சிலிக்கா எங்கே வந்துச்சு கண்ணு?" என்று கேட்டேன். "ரெண்டாவது பக்கம் டீச்சர், மலைப் படத்துக்குக் கீழே" என்றாள். செல்போனில் படித்த பையனிடம் அதையே கேட்டபோது அவன் கட்டைவிரல் திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தது. "இங்கதான் எங்கயோ இருந்துச்சு டீச்சர்" என்றான். கெட்டிக்காரப் பையன். அவன் படித்த வரிக்கு நிலையான இடம் ஒன்று அமையவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் முதலில் "புரிஞ்சுது டீச்சர்" என்பவர்கள் பெரும்பாலும் திரையில் படித்தவர்களே. என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். புரியவில்லை என்று தெரிந்த பிள்ளை மறுபடி படிக்கும். புரிந்துவிட்டதாக நம்புகிற பிள்ளை அடுத்த வேலைக்குப் போய்விடும். இஸ்ரேலில் ரகேபெத் ஆக்கர்மன், மோரிஸ் கோல்ட்ஸ்மித் இருவரும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்விலும் இதுவே தெரிந்தது: எவ்வளவு நேரம் படிப்பது என்பதை அவரவரிடமே விட்டபோது, திரையில் படித்தவர்கள் சீக்கிரம் முடித்தார்கள், தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று கூடுதலாக நம்பினார்கள், மதிப்பெண் குறைவாக வாங்கினார்கள். நார்வேயில் ஆன் மாங்கென் குழு 72 பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு (2013), ஒரே பாடப்பகுதியைத் தாளில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டதைக் காட்டியது. 2018இல் 54 ஆய்வுகளையும் 1,70,000க்கும் மேற்பட்ட வாசகர்களையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வும் தாளின் பக்கமே நின்றது. செல்போனோடு பிறந்த தலைமுறைக்கு இந்த இடைவெளி தானாகக் குறைந்துவிடும் என்பார்கள். 2000 முதல் 2017 வரையிலான அந்த ஆய்வுகளில் இடைவெளி வருடத்துக்கு வருடம் கூடித்தான் இருக்கிறது.

அதே தொகுப்பாய்வு கதைகளில் தாளுக்கும் திரைக்கும் வித்தியாசம் இல்லை என்கிறது. என் வகுப்பிலும் அப்படித்தான். செல்போனில் படித்த கதையை வரி பிசகாமல் சொல்வார்கள். தகவல் சொல்லும் பாடத்தில்தான் தடுமாற்றம். அதனால் திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதயத்தின் வால்வு திறந்து மூடுவதை ஸ்மார்ட் போர்டில் காட்டியது போல நான் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட முடியாது. ஆனால் காட்சியைப் பார்ப்பது வேறு, வரிகளைப் படிப்பது வேறு. அந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் 'டிஜிட்டல் கற்றல்' என்று ஒரே கணக்கில் எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்த கதைப் புத்தகங்களை அச்சில் கொடுத்தார்களே, அது நல்ல காரியம். அந்த அக்கறை அறிவியல் பயிற்சித்தாளுக்கும் வேண்டும்.

இப்போது கதைப் பகுதிகளை மட்டும் செல்போனுக்கு அனுப்புகிறேன். காரணம், விளைவு என்று போகிற பகுதிகளை ஓரத்தில் நிறைய இடம் விட்டு அச்செடுத்துவிடுகிறேன். போர்டில் படிக்க நேர்ந்தால், ஒவ்வொரு பத்தி முடிந்ததும் திரையை அணைத்துவிட்டுப் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லச் சொல்கிறேன். "புரிஞ்சுது" என்று சொன்னவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள், உடனே "இன்னொரு தடவை போடுங்க டீச்சர்" என்கிறார்கள். தாள் செலவைத் தலைமையாசிரியரும் நாங்களும் பகிர்ந்துகொள்கிறோம். எல்லாப் பள்ளியிலும் ஆசிரியர்களால் இது முடியாது. அதனால் அடுத்த ஆண்டுக்கான பயிற்சித்தாள்களை ஜூன் மாதமே அச்சிட்டுத் தரவேண்டும், முடியாவிட்டால் பள்ளி மானியத்தில் அதற்கென்று ஒரு தொகையாவது ஒதுக்க வேண்டும் என்று வட்டார வள மையக் கூட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.