ஹூஸ்டன் எம்எஸ் 150: மிதிப்பதைவிடப் பணத்தைக் கொண்டு சேர்ப்பதுதான் பெரும்பாடு

எம்எஸ் 150 சைக்கிள் ரைடில் ஓட்டும் எங்கள் அணிக்கு டிசம்பரில் நன்கொடை கொடுத்த ஒருவரின் நிறுவனம், அவர் கொடுத்ததற்கு ஈடான தொகையைத் தர மறுத்துவிட்டது. அவர் விண்ணப்பம் போட்டது மார்ச்சில். அதற்குள் ஆண்டு மாறிவிட்டதாம், கணக்கை மூடிவிட்டார்களாம். கொடுத்தவருக்கு மனசு இருந்தது, நிறுவனத்திடம் பணம் இருந்தது, பெற வேண்டிய அமைப்புக்குத் தகுதியும் இருந்தது. ஒரு தேதிக்காக அத்தனையும் வீண். கேட்க எடுத்த தொலைபேசியில் பேசியவர், "விதி அதுதான்" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. இந்த வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள், அடுத்து இறங்குகிறவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

எம்எஸ் என்பது மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்ற நரம்பு நோய். அதற்காக நிதி திரட்ட இரண்டு நாளில் ஏறக்குறைய 150 மைல் ஓட்டுவதுதான் எம்எஸ் 150. நேஷனல் எம்எஸ் சொசைட்டிக்காக 1980-இல் மினசோட்டாவில் தொடங்கிய சைக்கிள் ரைடு, 1985-இல் ஹூஸ்டனுக்கு வந்தது. முதல் வருஷம் ஆஸ்டினை நோக்கிக் கிளம்பியவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். பின்னாளில் 13,000 பேர் வரை ஓட்டினார்கள். ஒரே வாசலில் அத்தனை பேரை விட முடியாமல் டல்லி, ரோட்ஸ், வாலர் என்று வெவ்வேறு மைதானங்களிலிருந்து பிரித்து அனுப்பினார்கள். 2020-இல் கொரோனாவால் ரைடு நின்றது. 2022-இலிருந்து ஆஸ்டினுக்குப் பதில் காலேஜ் ஸ்டேஷனில் முடிகிறது, இரவுத் தங்கல் பழையபடி லாக்ரேஞ்ச்.

இந்த வளர்ச்சியில் கவனிக்க வேண்டியது ஆள் கணக்கு அல்ல, பணக் கணக்கு. ஓட்டுகிற ஒவ்வொருவரும் திரட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை நெடுங்காலம் 400 டாலராக இருந்தது. 13,000 பேரும் அதை மட்டும் கட்டியிருந்தால் 52 லட்சம் டாலர்தான் சேர்ந்திருக்கும். ஆனால் ஒரே ஆண்டில் சுமார் 2 கோடி டாலர் சேர்ந்த ஆண்டுகள் உண்டு. நடுவில் இருக்கும் தொகையில் பெரும்பங்கு நிறுவன அணிகளிடமிருந்து வந்தது. ஹூஸ்டனின் எண்ணெய், எரிவாயு நிறுவனங்களில் ஊழியர் ஒரு டாலர் கொடுத்தால் நிறுவனமும் ஒரு டாலர் கொடுக்கும் மேட்சிங் திட்டம் பரவலாக உண்டு. எனக்குத் தெரிந்தவரை இந்த ரைடு பெருத்ததற்கு அதுவே முதல் காரணம். பணம் அதிகம் சிந்திப்போவதும் அங்கேதான்.

மேட்சிங்கில் எங்கே வழுக்கும் என்று சொல்கிறேன். முதலில் பெயர். நிறுவனத்தின் தளத்தில் "மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ்" என்று தேடினால் பல அமைப்புகள் வரிசையாக வந்து நிற்கும். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் ஃபவுண்டேஷன் இரண்டும் நல்ல அமைப்புகள்தான், ஆனால் வேறு அமைப்புகள். அவசரத்தில் அவற்றில் ஒன்றைத் தொட்டால் பணம் அங்கே போய்விடும், உங்கள் ரைடு கணக்கில் ஏறாது. ரசீதின் அடியில் இருக்கும் ஒன்பது இலக்க வரி அடையாள எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பெயரை நம்ப வேண்டாம்.

அடுத்தது பொதுவசூல். நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது இது: ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் ஆளுக்கு இருபது, முப்பது என்று வாங்கி, அல்லது வென்மோ என்ற பணம் அனுப்பும் செயலியில் சேர்த்து, ஒருவர் தன் கார்டில் மொத்தமாகக் கட்டிவிடுவார். வசதிதான். ஆனால் ரசீது ஒருவர் பெயரில் மட்டும் வரும். மற்றவர்கள் தங்கள் நிறுவனத்தில் மேட்சிங் கேட்க முடியாது, வரிக்கணக்கிலும் காட்ட முடியாது. கட்டியவரும் முழுத்தொகைக்கு மேட்சிங் கேட்கக்கூடாது, ஏனென்றால் அது அவர் பணம் இல்லை. ஊழியர் சொந்தமாகக் கொடுத்ததற்கு மட்டுமே மேட்சிங் என்று பல நிறுவனங்களின் விதியில் தெளிவாக எழுதியிருக்கும். பத்து பேரானாலும் பத்து பேரையும் தனித்தனியாக, அவரவர் கார்டில், அவரவர் பெயரில் கட்டச் சொல்லுங்கள். பாட்லக் மேசையிலேயே நீங்கள் நிதி திரட்டும் இணையப் பக்கத்தின் க்யூஆர் குறியை அச்சடித்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்கள் எழுத்து மூலமான ஒப்புகையைப் பத்திரப்படுத்த வேண்டும். வங்கிக் கணக்கில் கழிந்திருக்கிறது என்பது மட்டும் அமெரிக்க வருமான வரித் துறைக்குப் போதாது.

பிறகு தேதி. சில நிறுவனங்கள் கொடுத்த நாளிலிருந்து மாதக் கணக்கு வைக்கும், சில அந்த நாட்காட்டி ஆண்டோடு மூடிவிடும், சில அடுத்த ஜனவரி வரை பொறுக்கும். பதிவு இலையுதிர் காலத்தில், ரைடு வசந்தத்தில். ஆகவே டிசம்பரில் வந்த நன்கொடைதான் ஆபத்தில் இருக்கிறது. எங்கள் அணியில் இப்போது ஒரே விதி: நன்கொடை வந்த அன்றே நன்றிக் கடிதத்தோடு "உங்கள் நிறுவனம் மேட்சிங் தருமா, இன்றே விண்ணப்பித்துவிடுங்கள்" என்று ஒரு வரி போகும். பல நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறைதான் மேட்சிங் பணத்தை அனுப்புகின்றன என்பதால், உங்கள் குறைந்தபட்சத் தொகையை அதை நம்பி விட்டுவைக்காதீர்கள்.

சில நிறுவனங்கள் தன்னார்வ வேலை செய்த மணிக்கணக்குக்கும் பணம் தரும். பயிற்சி ரைடில் தண்ணீர் மேசை போட்டது, ரெஸ்ட் ஸ்டாப்பில் நின்றது எல்லாம் அதில் சேரும். ஓட்டாத வாழ்க்கைத்துணையும் தன் நிறுவனத்தில் இதைக் கேட்கலாம். கேட்காமலே விடுகிறவர்கள்தான் அதிகம்.

காசோலையில் நடப்பது இன்னொரு கொடுமை. குறிப்பு வரியில் ஓட்டுபவர் பெயர் இல்லாமல் வந்த காசோலை பொதுக் கணக்கில்தான் போய் உட்காரும். நோய்க்கான வேலைக்கு அது நஷ்டமில்லை, ஆனால் ஓட்டுபவர் குறைந்தபட்சத்தைத் தொடவில்லை என்று காட்டும். நன்கொடைக்கென்றே முன்கூட்டிப் பணம் போட்டுவைக்கும் நன்கொடையாளர் நிதிக் கணக்கிலிருந்து (டோனர் அட்வைஸ்டு ஃபண்ட்) வருபவை இன்னும் மோசம்: காசோலையை எழுதுவது நிதி நிறுவனம், கொடுத்தவர் பெயர்கூடச் சில நேரம் இருக்காது. அந்தப் படிவத்தில் "நோக்கம்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ரைடின் பெயர், ஓட்டுபவர் பெயர், அணியின் பெயர் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு விஷயம், அந்தக் கணக்கிலிருந்து உங்கள் பதிவுக் கட்டணத்தைக் கட்ட முடியாது. அதற்குப் பதிலாக உங்களுக்கு ஒரு சேவை கிடைக்கிறது என்பதால் சட்டம் அனுமதிக்காது.

ஊரிலிருந்து சித்தப்பாவோ அத்தையோ கொடுக்க முன்வந்தால் முதல் தடை அவர்கள் கார்டு. ரிசர்வ் வங்கியின் 2020 விதிக்குப் பிறகு இந்தியாவில் புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். வங்கிச் செயலியில் போய்த் திறக்க வேண்டும். அடுத்தது முகவரி. நாடு என்ற இடத்தில் இந்தியாவை முதலில் தேர்ந்தெடுக்காமல் ஆறு இலக்கப் பின்கோடைப் போட்டால் படிவம் துப்பிவிடும். இந்த நன்கொடைக்கு இந்திய வருமான வரியில் 80ஜி சலுகை கிடையாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்து வருத்தப்படுவதைவிட அது நல்லது.

நோயைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள், பதில் தயாராக இருக்கட்டும். தசைச் சிதைவு நோயோடு எம்எஸ்ஸைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. இரண்டு வாக்கியம் போதும்: மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே தாக்குகிறது. பார்வை, நடை, சமநிலை, சிறுநீர்க் கட்டுப்பாடு என்று எது வேண்டுமானாலும் பாதிக்கப்படலாம். அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு இருக்கிறது என்று 2019-இல் வந்த ஆய்வு சொன்னது.

"இத்தனை வருஷமா வசூல் பண்றீங்களே, என்ன கண்டுபிடிச்சாங்க?" என்ற கேள்வியும் வரும். நியாயமான கேள்வி. ஹூஸ்டனில் முதல் ரைடு நடந்தபோது நோயின் போக்கை மாற்றும் மருந்து என்று ஒன்றுகூட இல்லை. 1993-இல்தான் முதல் இன்டர்ஃபெரான் ஊசிக்கு ஒப்புதல் கிடைத்தது. தொடக்கத்திலிருந்தே படிப்படியாக முற்றும் வகைக்கு 2017 வரை எதுவும் இல்லை, ஆக்ரலிசுமாப் வந்த பிறகே வழி பிறந்தது. இன்று 20-க்கு மேற்பட்ட மருந்துகள் இருக்கின்றன. 2022-இல் ஹார்வர்டு குழு, அமெரிக்கப் படைகளில் பணியாற்றிய 1 கோடிக்கும் மேற்பட்டோரின் தரவை ஆராய்ந்து, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றுக்குப் பின் இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று காட்டியது. அந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தவர்களில் நேஷனல் எம்எஸ் சொசைட்டியும் உண்டு. ஆனால் கொடுக்கும் காசு முழுவதும் ஆய்வுக்கே போகிறது என்று சொல்லாதீர்கள். நோயாளிகளுக்கான உதவி, சட்ட முயற்சி, நிர்வாகம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான். உள்ளதைச் சொன்னால் அடுத்த வருஷமும் கொடுப்பார்கள்.

பதிவு, எண் அட்டை வாங்குவது, கைப்பட்டை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது.

சைக்கிளுக்கு வருகிறேன். ஒரு கடையில் எங்கள் அணித் தோழர் ஒருவருக்கு அகலமான டயர் மாட்டிக் கொடுத்தார்கள். ஸ்டாண்டில் சுற்றும்போது சரியாக இருந்தது, எழுந்து நின்று மிதித்தால் பின்சட்டத்தில் உரசியது. இருபக்கமும் நான்கு மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்று கடையைவிட்டு இறங்குவதற்குள் பாருங்கள். சர்வீஸை ரைடுக்கு ஆறு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் ஊரே வரிசையில் நிற்கும். புதுக் கேபிள் கொஞ்சம் தளர்ந்து கியர் தடுமாறும், அதைத் திரும்பச் சரிசெய்யவும் நாள் வேண்டும்.

டெக்சஸ் கிராமச் சாலைகளில் தாரின்மேல் ஜல்லியைத் தூவி அழுத்தியிருப்பார்கள். 25 மில்லிமீட்டர் டயரில் நூறு பவுண்டு காற்று அடித்துக்கொண்டு அதில் நாள் முழுக்கப் போனால் கை மரத்துவிடும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மில்லிமீட்டரில் சுமார் 70 பவுண்டு, 32-இல் 55 முதல் 60 போதும். வேகம் குறையாது. ட்யூப் இரண்டு, டயர் நெம்பி, சின்ன பம்ப், உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் செயின் இணைப்பு ஒன்று. லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பித் துண்டுகள் சாலையோரத்தில் கிடக்கும். பங்சர் ஒட்டி ஐந்து மைலில் மறுபடி காற்று இறங்கினால் கம்பி இன்னும் டயரிலேயே இருக்கிறது என்று பொருள். டயரின் உள்பக்கம் முழுக்கத் துணியால் வழித்துப் பாருங்கள், விரலைவிட்டால் கிழிக்கும்.

பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் துண்டு ஒவ்வொரு சட்டத்துக்கும் தனி அளவு. லாரியில் நெருக்கி ஏற்றும்போது அது வளையும், வழியில் நிற்கும் மெக்கானிக்கிடம் உங்களுக்குப் பொருந்துவது இருக்காது. உபரி ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள். திரும்பும் வழியில் சைக்கிளை ஏற்றும்போது வலப்பக்கம் வெளியே தெரிய நிறுத்தச் சொல்லுங்கள்.

வழியில் நினைவில் வைக்க வேண்டியவை: முதல் ரெஸ்ட் ஸ்டாப்பில் நிற்காதீர்கள், ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே குவிவார்கள். தொடக்கத்திலேயே குப்பிகளை நிரப்பிக்கொண்டு கிளம்பி, நேராக இரண்டாவதில் நின்றால் அங்கே வரிசையே இருக்காது. மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர், அதோடு உப்பும் வேண்டும். ஊறுகாய் வெள்ளரி ஊறிய தண்ணீரைக் குட்டிக் கோப்பையில் நீட்டுவார்கள், தயங்காமல் குடியுங்கள். வளைகுடாக் காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வீசி முதுகைத் தள்ளும். முந்தின இரவு குளிர்காற்று நுழைந்திருந்தால் வடக்கிலிருந்து முகத்தில் அறையும், அன்று தனியாக ஓட்டாமல் குழுவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். காதில் இயர்போன் கூடாது, ஹெல்மெட் இல்லாமல் ஒரு அடி நகர விடமாட்டார்கள்.

"ஐ ரைடு வித் எம்எஸ்" என்று எழுதிய ஜெர்சியில் வருபவர்கள் இந்நோயோடு வாழ்பவர்கள். உடல் சூடேறினால் அவர்களுக்குப் பார்வை மங்கலாம், கால் தளரலாம். 1890-இல் உட்ஹாஃப் என்ற மருத்துவர் பதிவுசெய்த விளைவு இது. உடல் ஆறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படி ஒருவர் ஓரமாக நின்றால் நிழலும் ஐஸும் கொடுங்கள், உதவி வண்டியை நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று உற்சாகப்படுத்தி மிதிக்கவைக்காதீர்கள்.

மழையால் ஒரு நாள் ரைடு ரத்தானாலும் நன்கொடை திரும்பாது. இதை நிதிக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். ரைடு முடிந்த பிறகும் சில வாரங்கள் நிதிக்கணக்கு திறந்திருக்கும். கொடுத்தவர்களுக்குப் படத்தோடு நன்றி அனுப்புகிற அந்த வாரத்திலேயே, பட்டியலை எடுத்து யார் யார் மேட்சிங் விண்ணப்பம் போடவில்லை என்று பார்த்துப் போன் போடுங்கள். எங்களுக்கு டிசம்பரில் கைநழுவியதற்கு ஈடாக, அப்படிப் போட்ட போனில் வேறு இரண்டு நிறுவனங்களின் மேட்சிங் வந்து சேர்ந்தது.