வெளி ஷவரை மறந்த கதை

கோவில்பட்டியில் வளர்ந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது வராது என்பதுதான். லாரி வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், பிடித்து வைத்ததைக் கீழே கொட்டினால் அடி விழும். தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பேன். ஆனால் அது நிஜமாகவே நடக்கிற விஷயம் என்று உறைக்க, கனடாவில் கால்கரிக்கு வந்து ஐந்து வருஷம் கழித்து 14,000 டாலர் கொடுத்து ஒரு பழைய டிரெய்லர் வாங்க வேண்டியிருந்தது.

டிரெய்லர் என்றால் சினிமாவுக்கு முன்னால் போடுகிறது இல்லை. பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற 24 அடி வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளேயே. வீடியோ காலில் காட்டினபோது அம்மா, "ஏய்யா, இது நடிகருங்க உக்கார்ற கேரவன்லா?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட அதுதான், ஓட்டுகிற டிரைவர், துடைக்கிற ஆள், ரிப்பேர் பார்க்கிற ஆள் எல்லாரும் நாம்தான் என்பது மட்டும் வித்தியாசம். நான் வாங்கியது 2021 ஆகஸ்டில், கொரோனாவுக்குப் பயந்து ஊரே ஹோட்டலை விட்டு ஆர்.வி. என்கிற இந்த மாதிரி வீட்டு வண்டிகளை வாங்கிக்கொண்டிருந்த சமயம். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் வட அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சத்துக்கும் மேல் வண்டிகள் வெளியே போயின, அதுவரை அப்படி ஒரு வருஷம் இருந்ததில்லை. அதில் பெரும்பங்கு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் என்ற ஊரைச் சுற்றித்தான் தயாராகிறது, நம்ம சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி. என்னுடையதும் அங்கே பிறந்ததுதான், 2012 மாடல். புதுசே கிடைக்காத நேரத்தில் பழசை விலை பேச முடியுமா, கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தேன். பான்ஃப் என்கிற மலைச் சுற்றுலா ஊர் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம், கோடையில் அங்கே ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும், அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் லாபம்தான் என்று மனைவியிடம் சொன்னேன். அந்தக் கணக்கை அவள் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாள்.

அந்த வருஷ அக்டோபர் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குக் கனனாஸ்கிஸ் மலைப்பக்கம் போய் வந்தோம். குளிர்காலத்துக்கு வண்டியைத் தயார்படுத்த வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் செய்தேன். நல்ல தண்ணீர் டேங்க், பாத்திரம் கழுவின தண்ணீர் டேங்க், கழிவறை டேங்க், மூன்றையும் திறந்து சொட்டுச் சொட்டாக வடியும் வரை நின்றேன். டேங்க் காலி, வேலை முடிந்தது. நம்ம ஊர் மாடித் தொட்டியைக் கழுவி விடுகிற மாதிரிதானே என்று நினைத்துவிட்டேன். குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் எனக்கு ஒரு தண்ணீராகவே தோன்றவில்லை.

ஜனவரியில் மைனஸ் 30. மே மாதம் ஹோஸைச் சொருகித் திறந்தால், குழாயைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தண்ணீர் வந்தது. சிங்குக்கு அடியில் ஒன்று, கழிவறைக்குப் பின்னால் ஒன்று, மூன்றாவது எங்கிருந்து என்று தெரியவே அரை மணி நேரம் ஆனது. வண்டியின் வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவு, அதைத் திறந்தால் உள்ளே ஒரு கைஷவர், கால் கழுவவும் நாயைக் குளிப்பாட்டவும். வாங்கினதிலிருந்து ஒரு தடவைகூட நான் அதைத் திறந்ததில்லை. அதன் திருகு குழாய் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

தண்ணீர் பனிக்கட்டியானால் கன அளவில் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. இந்த வண்டிகளில் ஓடுகிற பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் குழாய் ஓரளவு நீண்டு கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். வளையத் தெரியாத பிளாஸ்டிக் எல்போ (குழாய் திரும்புகிற இடத்து இணைப்பு), கழிவறை வால்வு, ஷவர் குழாய் இவைதான் உடையும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் வண்டிகளை நிறுத்தி வைக்கிற ஸ்டோரேஜ் யார்டில் பக்கத்து டிரெய்லர்காரர், பக்கத்து மாகாணமான சஸ்காட்சுவானில் கோதுமை விவசாயம் பார்த்து ஓய்வு பெற்றவர். சிரிக்கக்கூட இல்லை மனிதர். குளிர்காலத்துக்கு ரோஸ் கலரில் ஒன்று ஊற்றுவாயே, அது எத்தனை கேலன் போனது என்று மட்டும் கேட்டார். எந்த ரோஸ் கலர் என்று நான் திருப்பிக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு என் வண்டிக்குள் ஏறிவிட்டார்.

ரிப்பேர் கடைக்குப் போன் செய்தால் ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும், கூலி மணிக்கு 170 டாலர், சாமான் தனி. ஊரில் என்றால் பிளம்பர் அண்ணனுக்கு ஒரு போன், வந்து பார்த்து, ஒரு டீ குடித்து, சாயங்காலத்துக்குள் முடிந்திருக்கும். ஸ்பானர் பிடிப்பது நம் வேலை இல்லை என்ற நினைப்போடு வளர்ந்த ஆள் நான், அதைச் சொல்ல இப்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இரண்டு சனிக்கிழமை சிங்குக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தேன். எல்போ 4 டாலர், கழிவறை வால்வு 38, ஷவர் குழாய் 60. 102 டாலர் சாமானுக்கு எத்தனை மணி நேரம் போனது என்று எழுதினால் அசிங்கம்.

அடுத்த அக்டோபரில் தயாராக இருந்தேன். அந்த ரோஸ் கலர் திரவம் பார்க்க அசல் ரோஸ் மில்க்தான், 3.78 லிட்டர் கேன்களில் விற்கும். தண்ணீர் உறையாமல் இருக்கக் காரில் ஊற்றுகிற ஆன்டிஃபிரீஸ் எத்திலீன் கிளைக்கால், அது விஷம். இது புரொப்பிலீன் கிளைக்கால், ஆர்.வி.க்கென்றே செய்தது, அதனால் குடிதண்ணீர்க் குழாயில் விடலாம். பம்பை அந்தக் கேனிலிருந்து உறிஞ்ச வைத்து, ஒவ்வொரு குழாயாகத் திறந்து ரோஸ் நிறம் வரும் வரை விட வேண்டும், சூடுக்கும் தனி, குளிருக்கும் தனி. பிறகு சிங்க், ஷவர் தொட்டி எல்லாவற்றின் வாய்க்குள்ளும் ஒரு டம்ளர். வெந்நீர் டேங்குக்குள் மட்டும் இதை விடக் கூடாது, கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் ஆறு கேலன் டேங்க் நிறைய ரோஸ் மில்க் வீணாகும். அதனால் அதைத் தனியாக வடித்துவிட்டு, பைபாஸ் வால்வைத் திருப்பித் தண்ணீர் அதைச் சுற்றிப் போகிற மாதிரி வைத்துவிடுவது வழக்கம். எல்லாம் சரியாகச் செய்தேன்.

வசந்தத்தில் ஒரு குழாயும் ஒழுகவில்லை. பெருமையோடு வெந்நீர் சுவிட்சைத் தட்டினேன். பைபாஸ் வால்வைத் திருப்பிவிட மறந்திருந்தேன், அதாவது டேங்க் காலி. தண்ணீரில் முங்கியிருக்க வேண்டிய கம்பி வெறும் காற்றில் காய்ந்தது, அவ்வளவுதான், போய்விட்டது. 120 வோல்ட்டில் 1,440 வாட் எலிமென்ட், மின்சாரம் அளக்கிற மல்டிமீட்டரில் 10 ஓம் காட்ட வேண்டும், என்னுடையதில் முள் அசையவே இல்லை. புதுசு 25 டாலருக்குள் வந்தது. கழற்றுகிற பெரிய சாக்கெட்டை விவசாயி கொடுத்தார். இந்தத் தடவை சிரித்தார்.

அந்தக் கோடையில் அம்மா வந்தாள். அம்மா வந்தால் சமையலும் ஊர்ச் சமையலாகிவிடும், டிரெய்லருக்குள் கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும், அதனால் கூரையில் இருக்கிற காற்றுப்போக்கியைத் திறந்து வைப்பது பழக்கமாகிவிட்டது. ஒருநாள் காலை இட்லி ஊற்றி, பாத்திரம் கழுவி, கிளம்பி, டிரான்ஸ் கனடா ஹைவேயில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் வந்த கார்க்காரர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். ஓரம் கட்டிப் பார்த்தால் 14 அங்குலச் சதுர மூடி கூரையில் இல்லை. மூடுவதற்கு ஐந்து விநாடி, உள்ளேயிருந்து ஒரு கைப்பிடியைச் சுற்றினால் போதும். பான்ஃபில் அன்று சாயங்காலம் மழை. சாப்பாட்டு மேஜை மேல் குக்கரை வைத்துத் தண்ணீர் பிடித்தோம், அம்மா மட்டும் எதுவும் நடக்காத மாதிரி அதில் ரசம் வைக்கலாமா என்று கேட்டாள். மூடி வாங்கி மாட்டினது பெரிய வேலை இல்லை. கூரைதான் இந்த வண்டிகளின் உயிர்நிலை, ஒரு ஓட்டை வழியாக இறங்குகிற தண்ணீர் சுவருக்குள்ளே மரச்சட்டத்தை ஊறவைத்துவிட்டுத்தான் வெளியே தெரியும், வெளிச்சுவர் வயிறு மாதிரி உப்பிக்கொண்டால் அப்புறம் வண்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் ஏணி போட்டு ஏறி, பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் டேப் ஒட்டி, தானாகப் பரவிக்கொள்கிற சீலண்டை மேலே ஊற்றி, அந்த வேலைக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது.

அதே பயணத்தில் அம்மா தட்டில் வடகம் பிழிந்து வெயிலில் வைக்க, பார்க் ஊழியர் ஒருவர் வந்து உடனே உள்ளே எடுக்கச் சொன்னார். கரடி வரும் ஊர், பான்ஃபில் சாப்பாட்டுச் சாமான் எதையும் ஆள் பார்த்துக்கொள்ளாமல் வெளியே விடக் கூடாது. காக்காய்க்குப் பயந்து கறுப்புத் துணி கட்டியவளுக்குக் கரடியைப் பற்றி மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

கழிவறை டேங்க் கதையைச் சொல்லாமல் விடலாம்தான், ஆனால் இதில் விழாத புது ஆள் குறைவு. சில கேம்ப்கிரவுண்டில் கழிவுக் குழாயை நேராகவே சாக்கடையில் சொருகிவிடலாம். சொருகிவிட்டு, வீட்டில் இருக்கிற மாதிரி தானாகப் போய்க்கொண்டே இருக்கட்டும் என்று வால்வைத் திறந்தே வைத்தேன். தண்ணீர் மட்டும் ஓடிவிடுகிறது, மற்றது அப்படியே கீழே படிந்து கோபுரம் கட்டிவிடுகிறது. டேங்க் பாதிக்கு மேல் நிறையும் வரை வால்வு மூடியே இருக்க வேண்டும், பிறகு ஒரே மூச்சில் திறந்தால்தான் அந்த வேகத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போகும், காலி செய்ததும் ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றி வைக்க வேண்டும். நாங்கள் காகிதத்தை விடத் தண்ணீரை நம்புகிற குடும்பம் என்பதால் கோபுரம் சின்னதாகவே இருந்தது, வெந்நீர் ஊற்றி இரண்டு நாளில் கரைந்தது. இந்த ஒரு விஷயத்தில் நம் பழக்கம் கை கொடுத்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

வெயிலுக்கு விரிக்கிற ஆனிங் பந்தலை விரித்தபடியே விட்டுவிட்டு நடக்கப் போய், மலைப்பக்கமிருந்து வந்த ஒரே காற்றில் அதன் கை வளைந்ததும் உண்டு. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்று ஊரில் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன்தான் நான். 600 டாலர்.

நண்பர் ஒருவர் செய்த தப்புக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றும் இல்லை. கால்கரி பக்கத்து ஏர்ட்ரீயில் வீடு, எலக்ட்ரிகல் இன்ஜினியர் வேறு. கராஜ் சுவரில் டிரெய்லருக்கென்று 30 ஆம்ப் பிளக் பாயின்ட் போட ஆளைக் கூப்பிட்டிருக்கிறார், வந்தவர் 30 ஆம்ப் என்றதும் துணி உலர்த்தும் மெஷினுக்குப் போடுகிற மாதிரி 240 வோல்ட் கொடுத்திருக்கிறார். டிரெய்லரின் 30 ஆம்ப் பிளக் 120 வோல்ட்தான். 230 வோல்ட்டிலேயே வளர்ந்த நமக்கு 240 என்று கேட்டால் சந்தேகமே வராது, இவருக்கும் வரவில்லை. சொருகினார். மைக்ரோவேவ் போனது, ஃபிரிட்ஜ் போர்டு போனது, 12 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கிற கன்வெர்ட்டர் புகைந்தது. ஒரு மல்டிமீட்டர் கம்பியை வைத்துப் பார்த்திருந்தால் போதும், அவர் வீட்டில் மூன்று மல்டிமீட்டர் இருக்கிறது.

டயர் விஷயத்தில் நான் தப்பித்துக்கொண்டது அதிர்ஷ்டம். பட்டன் தேயவே இல்லை, புதுசு மாதிரி இருந்தது. பக்கவாட்டில் டாட் என்று தொடங்குகிற எழுத்துகளின் கடைசி நாலு எண் 4511, அதாவது 2011ஆம் வருஷம் 45ஆவது வாரம் செய்தது. பத்து வருஷக் கிழவன் மேல் குடும்பத்தை ஏற்றி மலை ஏறியிருக்கிறேன். விவசாயிதான் குனிந்து படித்துச் சொன்னார், அடுத்த வாரமே நாலையும் மாற்றினேன்.

போன அக்டோபரில் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்து, வண்டியைப் பூட்டிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து விடியற்காலை நாலரை மணிக்கு விழிப்பு வந்தது, வெளியே மைனஸ் 9. வெளி ஷவர் காகிதத்தில் இருந்ததா இல்லையா? காகிதம் வண்டிக்குள் இருக்கிறது. கொஞ்ச நேரம் புரண்டுவிட்டு, தலையில் விளக்கு மாட்டி, ரோஸ் மில்க் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு யார்டுக்குப் போனேன். சின்னக் கதவு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது, இழுத்துத் திறந்து திருகினேன். ரோஸ் நிறத்தில் ஒரு சொட்டு வந்தது, அப்புறம் இன்னொரு சொட்டு. முன்னமே செய்துதான் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து, யாரும் எழுந்திருக்கிறதுக்குள் படுத்துக்கொண்டேன்.